ஊறுகாய் டிரம்முக்குள் சர்வேயர்

பிள்ளைக்கு ஸ்கூல் பார்க்கப் போகும் தகப்பன்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், மனைவி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும். இரண்டாவது ரகம், தனக்கு எல்லாம் தெரியும் என்று உள்ளே போய் மூக்கை நுழைக்கும். முதல் ரகத்தை ஊரில் பொறுப்பில்லாதவன் என்பார்கள். ஆனால் அவன் மானம் மரியாதையோடு வீடு திரும்புகிறான். நான் இரண்டாவது ரகம். மூக்கோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் மொத்த உடம்பையும் நுழைத்தேன். நுழைந்த உடம்பு நுழைந்த கோலத்தில் திரும்பி வரவில்லை.

என் தொழிலைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நான் கண்டெய்னர் சர்வேயர். (ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமனார் அப்படித்தான் நினைத்துப் பெண்ணைக் கொடுத்தார்.) ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் காலியாகத் திரும்பும் கண்டெய்னர் பெட்டிகளை மணலிப் பக்கம் ஒரு யார்டில் இறக்கி வைப்பார்கள். அடுத்த சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் பெட்டி தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தட்டிப் பார்ப்பேன். மோந்து பார்ப்பேன். (கருவாடு ஏற்றிய பெட்டியில் கல்யாணப் புடவையை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) நசுங்கல், துரு, ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் மஞ்சள் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். கடைசியாக லைட் டெஸ்ட். நான் பெட்டிக்குள் போய் நிற்க, ஹெல்ப்பர் வெளியே இருந்து கதவைச் சாத்துவான். உள்ளே கும்மிருட்டு. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அது வழியாக வெளிச்சம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். வெளிச்சம் தெரிந்தால் மழைத் தண்ணியும் வரும். அந்தப் பெட்டி ஃபெயில்.

இந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. யார்டை விட்டு வெளியே வந்தாலும் கண் சும்மா இருக்காது. நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பஜ்ஜி வருவதற்குள் சோபாவின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, உள்ள கரையான் கீது" என்று சொன்னவன். (கரையான் இருந்தது. ஆனால் விஷயம் அதுவல்ல என்று என் மனைவி சங்கீதா இன்றைக்கும் சொல்கிறாள்.)

எங்கள் மகள் யாழினிக்கு மூன்று வயது முடிந்தபோது ஸ்கூல் பேச்சு எழுந்தது. அதற்குக் காரணம் யாழினி அல்ல, சங்கீதாதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். மூன்று வருடம் கழித்து, கடை முதலாளி பாய் அவராகவே போன் போட்டார்.

"இன்னாம்மா சங்கீதா, நீ போனதுலேர்ந்து நம்ம கட கணக்கு ஒரே பேஜாரா கீதும்மா. மொத தேதி திங்கக்கெழம வருது. அன்னிக்கி வந்து குந்திரு. தோதுப்படலன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

சங்கீதா அன்றைக்கே பரண் மேல் கிடந்த ஹேண்ட்பேக்கை இறக்கித் துடைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் அதைத் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஸ்கூல் கிடைத்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பை மறுபடியும் பரணுக்குப் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. நடுவில் இரண்டு சிக்கல். ஒன்று யாழினி. புது இடத்தில், புது ஆட்களைப் பார்த்தால் என் வலது காலைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். டிரெய்லர் வண்டியில் கண்டெய்னரைப் பூட்டுகிற லாக்கெல்லாம் அவள் பிடிக்கு முன்னால் ஒன்றுமில்லை. வாயைத் திறந்து பேரைக்கூடச் சொல்ல மாட்டாள். இரண்டாவது சிக்கல் நான்.

முதலில் ராயபுரத்தில் ஒரு ஸ்கூலுக்குப் போனோம். வாசலில் சிரிக்கிற யானை, உள்ளே ஏசி. மேடம் இங்கிலீஷில் நிறையப் பேசிவிட்டு, "சார், எங்க ஸ்கூல்ல நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"மேடம், அந்த மாடிப்படி கைப்பிடி எவ்ளோ வெயிட் தாங்கும்?" என்றேன் நான்.

மேடத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்றால் பார்த்துவிட வேண்டியதுதானே என்று நானே போய்த் தொங்கிப் பார்த்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதை மேடத்தின் மேஜைமேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஸ்கூலில் புதிதாக பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரில் விரிசல் ஒன்று ஓடியதைப் பார்த்ததும் என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. மஞ்சள் வட்டம் போட்டேன். போட்டதோடு விட்டேனா? பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே தேதியைப் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். யார் சுவரில் கிறுக்கியது என்று அவர்கள் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது ஸ்கூலில் பிள்ளைகள் மதியம் தூங்கும் அறைக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழை வரப்போகிறது, ஒழுகினால் என்ன ஆவது? நான் உள்ளே போய் நின்றுகொண்டு, "கதவ சாத்துங்க! லைட்ட நிறுத்துங்க!" என்று யார்டில் கத்துகிற குரலிலேயே கத்தினேன். உள்ளே பாய் போட்டு ஏற்கனவே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு பிள்ளை வீறிட்டது. அப்புறம் வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் வீறிட்டன. கூரையில் ஓட்டை எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு வெளியே ஓடிவந்தேன்.

இப்படி நாங்கள் போன இடத்துக்கெல்லாம் ஆட்டோ ஓட்டி வந்தவன் இஸ்மாயில். சின்ன வயதிலிருந்து என் தோஸ்து. அன்றைக்கு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா மாமு, நீ ஸ்கூல் பாக்கறியா, இல்ல ஸ்கூல ஏலத்துல எடுக்கப் போறியா?"

"புள்ளைய வுடற எடம்டா. நாலையும் பாக்க வாணாவா?"

"நீ பாத்தது போதும் நைனா. அந்தப் புள்ளைங்கோ இன்னும் அய்துகினு கீதுங்கோ, கேளு."

சங்கீதா யாழினியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டினால் எனக்குப் பயம் கிடையாது. இப்படி ரோட்டைப் பார்த்தால்தான் பயம்.

முதல் தேதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஸ்கூல். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பிலோமினா மிஸ் நடத்துகிற ஸ்கூல். (இவ்வளவு பக்கத்தில் இருந்தும் முதலிலேயே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருப்பது நல்ல ஸ்கூலாக இருக்க முடியாது என்பது அன்றைக்கு என் கொள்கை. நல்ல ஸ்கூல் என்றால் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.)

யார்டிலிருந்து அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தேன். வாசலில் சங்கீதா யாழினியோடு நின்றுகொண்டிருந்தாள். இஸ்மாயிலும் நின்றான். இரண்டு தெரு தூரத்துக்கு ஆட்டோ எதற்கு என்று கேட்டேன். "ஓடி வர்றதுக்கு வண்டி ரெடியா இருக்கட்டும்னுதான்" என்றான்.

சங்கீதா என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"இத பாரு. இன்னிக்கி இங்க சேத்துட்டுதான் வூட்டுக்கு வரோம். இதையும் நீ வாணாம்னா அப்பறம் வள்ளூர் வரிக்கும் போய்தான் ஸ்கூல் தேடணும். உள்ள வந்து நீ வாயத் தொறக்கக் கூடாது. யார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. எதையும் தட்டிப் பாக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

"சாக்பீஸ குடு."

சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜாக்கெட்டின் உள்பையில் இன்னொன்று இருந்தது எனக்கே ஞாபகம் இல்லை. (இதை சங்கீதா இன்றுவரை நம்பவில்லை.)

"திங்கக்கெழம நான் வேலைக்குப் போவணும்" என்றாள். அப்போது அவள் குரல் லேசாக உடைந்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இன்றைக்கு வாயையே திறப்பதில்லை என்று உண்மையாகவே முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

பிலோமினா மிஸ்ஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. இன்டர்வியூ எதுவும் வைக்கவில்லை. குனிந்து, "பேரு என்ன குட்டி?" என்று மட்டும் கேட்டார். யாழினி என் பேன்ட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பரவால்ல விடுங்க. பேரு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் மிஸ். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் அம்மாகிட்ட பேசிட்டு இருக்கேன் சார். நீங்க பாப்பாவ பின்னாடி கூட்டிட்டுப் போய் விளையாட விடுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன். சங்கீதாவின் கண்ணில் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு சின்ன மரியாதை தெரிந்தது. அது பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

பின்பக்கம் சிமென்ட் தரை, ஒரு பாதாம் மரம், மணல் கொட்டிய மூலை. நடுவில் அது கிடந்தது. இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்களை இரண்டு பக்கமும் அறுத்து, ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு முடுக்கி, படுக்கவைத்து, மேலே ரயில் படம் வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வருவதற்கு ஒரு குகை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால், "அட, அழகா இருக்கே" என்று சொல்லியிருப்பான். நீல டிரம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு மாதிரிதான் யோசிக்கத் தெரியும். எங்கள் தெருவில் தண்ணி பிடித்துவைக்க டிரம் இல்லாத வீடே கிடையாது. பழைய டிரம் கடையில் விலை கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "இதுல முன்னாடி இன்னா இருந்துச்சு?" என்பதுதான். கடைக்காரர் எப்போதும் "சோப்பு ஆயில்ணா" என்பார். ஒருவரும் நம்ப மாட்டோம். ஆசிட்டோ, சாயமோ, பூச்சி மருந்தோ, யார் கண்டது? சுற்றிலும் கம்பெனிகள். என் மகள் தவழப் போகிற டிரம்மில் என்ன இருந்தது?

நேராக உள்ளே போய் மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று உத்தரவு. தட்டக் கூடாது என்றும் உத்தரவு. மோந்து பார்க்கக் கூடாது என்று மட்டும் சங்கீதா சொல்ல மறந்துவிட்டாள்.

"யாழு, நைனா இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரேன். காலை வுடு, செல்லம்" என்றேன். ஆச்சரியத்தில் அவளும் விட்டுவிட்டாள். நான் கைகளை முன்னால் நீட்டி, தலையை உள்ளே விட்டேன்.

லேசாகப் புளித்த வாசனை. என்னவென்று பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். டிரம்மின் அடிப்பக்கம் ஏதாவது எழுத்து அச்சடித்திருப்பார்களே என்று இன்னும் கொஞ்சம். இரண்டு டிரம்மும் சேர்கிற இடத்தில் என் தொப்பை வந்து நின்றது. சரி, பின்னால் போகலாம் என்று நகர்ந்தால், போல்ட்டு முனைகள் ஜாக்கெட்டைக் கவ்விக்கொண்டன. முன்னால் போனால் தொப்பை, பின்னால் போனால் ஜாக்கெட். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே கிடந்தது. மற்றதெல்லாம் டிரம்முக்குள். எத்தனையோ பெட்டிகளுக்குள் நுழைந்து வெளியே வந்தவன் நான். ஒரு பெட்டியும் இப்படி என்னைப் பிடித்து வைத்ததில்லை.

சத்தம் போடலாமா என்று யோசித்தேன். சத்தம் போட்டால் சங்கீதா வருவாள். அட்மிஷன் முடிகிறவரை சும்மா கிடப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்து விளையாட்டு மணி அடித்தது.

திமுதிமுவென்று பிள்ளைகள் ஓடிவந்தன.

"டேய், டன்னல்ல காலு கீதுடா!"

"இந்தாண்ட வா, இங்க தலை கீது!"

வெளிச்சம் தெரிந்த பக்கம் மூன்று நான்கு முகங்கள் எட்டிப் பார்த்தன. மூக்கு ஒழுகிய ஒரு பொடியன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். "அங்கிள், நீங்க ரயிலா?"

"இல்லப்பா."

"அப்ப ஏன் டன்னல்ல கீறீங்க?"

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அது எங்க நைனா. சர்வே பண்றாரு."

யாழினி. வீட்டைத் தாண்டி எந்த இடத்திலும் வாயைத் திறக்காத என் மகள். டிரம்முக்குள் கிடந்தபடியே எனக்கு நெஞ்சு விம்மியது. (விம்ம இடம் இல்லை. அதனால் இன்னும் இறுக்கமாகிவிட்டது.)

"சர்வேன்னா இன்னா?" என்றான் பொடியன்.

"ஒடஞ்சது இருந்துச்சின்னா பாப்பாரு. வட்டம் போடுவாரு."

"எப்படி?"

அப்புறம் என் காலைச் சுற்றித் தரையில் ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் கைதட்டின. எனக்கும் ஒரு வட்டம், எனக்கும் ஒரு வட்டம் என்று கூச்சல் வேறு. பிறகு இன்னொரு மணி. "சுண்டல்! சுண்டல்!" என்று எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஓடின. "நீயும் வா" என்று அந்தப் பொடியன் குரல். கூடவே எனக்குப் பழக்கமான ஒரு ஜோடிக் கொலுசுச் சத்தமும் ஓடியது. என்னிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இடம் அமைதியாகிவிட்டது. வலது காலை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அது எனக்கு ரொம்ப விநோதமாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. அந்த ராயபுரம் கைப்பிடி, அந்த விரிசல், அந்தத் தகரக் கூரை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். எந்த ஸ்கூலும் தேறக் கூடாது என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான், விடாமல் இருந்தது நான்.

யோசித்துக்கொண்டிருந்தபோது ஆயாவின் அலறல் கேட்டது. "மிஸ்! யாரோ ஒரு ஆளு வியுந்து கெடக்கறாரு மிஸ்!"

செருப்புச் சத்தங்கள் ஓடிவந்தன. என் காலருகில் வந்து நின்றன.

"இவரு... உங்க வீட்டுக்காரரா?" என்றார் மிஸ்.

"காலு அவருதுதான் மிஸ்" என்றாள் சங்கீதா. அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

மிஸ் சுற்றி வந்து மறு பக்கம் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "சார், உள்ள என்ன பண்றீங்க?"

"இந்த டிரம்ல முன்னாடி இன்னா இருந்துச்சுன்னு பாக்கறேன் மிஸ்."

"ஊறுகாய் சார். என் தம்பி ஊறுகாய் கம்பெனியில இருக்கான். மாங்காய உப்புல ஊறப்போட்டு இதுலதான் அனுப்புவாங்க. கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனே?"

"கேக்கக் கூடாதுன்னு நான்தான் மிஸ் சொல்லித் தொலைச்சேன்!" என்று சங்கீதா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சங்கீதா போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த இஸ்மாயிலும் ஓடிவந்துவிட்டான். ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஒண்ணும் மேட்டர் இல்ல மிஸ். டிரம்ம ரெண்டா அறுத்துட்டா வந்துடுவான்."

"ஐயையோ, டிரம்ம அறுக்கக் கூடாது. புள்ளைங்க அழும்" என்றார் மிஸ்.

என்னை வெளியே எடுக்காவிட்டால் யாரும் அழ மாட்டார்கள் என்பது அதிலிருந்து தெளிவாகிவிட்டது. ஆயா ஒரு பக்கெட் சோப்புத் தண்ணியைக் கொண்டுவந்து டிரம்முக்குள் ஊற்றினார். இஸ்மாயில் ஒரு காலைப் பிடித்தான். சங்கீதா இன்னொரு காலைப் பிடித்தாள். ஒரு மாதமாக அடக்கிவைத்த கோபம் முழுவதையும் அந்தக் காலில் நான் உணர்ந்தேன். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் சுண்டல் கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டன. பாதிப் பிள்ளைகள் மீன் பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இழுக்கிறார்கள் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐலசா! ஐலசா!"

மூன்றாவது ஐலசாவுக்கு நான் வெளியே வந்தேன். ஜாக்கெட்டும் சட்டையும் தலைவழியாக உருவிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டன. சோப்பு நுரையோடு, பனியனோடு நான் சிமென்ட் தரையில் கிடந்தேன். அன்றைக்கென்று சங்கீதா தூக்கிப் போடச் சொல்லி நான் போடாமல் வைத்திருந்த பனியன்.

இஸ்மாயில் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாமு, பனியன் ஃபுல்லா வெளிச்சம் தெரியுது. லைட் டெஸ்ட்ல நீ ஃபெயிலு."

எழுந்து உட்கார்ந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். என் கால்கள் கிடந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸில் பெரிதாக, கோணல்மாணலாக ஒரு வட்டம். டிரம்முக்குள் நுழைய நான் குனிந்தபோது ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து உருண்டு விழுந்த சாக்பீஸ் யாழினியின் கையில் இருந்தது. இன்னொரு கையில் சுண்டல். பக்கத்தில் நின்ற பொடியனின் கன்னத்திலும் ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது.

"ஒடஞ்சது" என்று என்னைக் காட்டி அவனுக்கு விளக்கினாள் யாழினி.

சங்கீதாதான் முதலில் சிரித்தாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், நடுவில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, பாதாம் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. திடீரென்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு மிஸ்ஸைப் பார்த்தாள்.

"மிஸ்... சீட்டு?"

நானும் பார்த்தேன். பனியனில் நுரை வழிய, கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆணியில் தொங்குகிற அந்த ஹேண்ட்பேக் என் கண்முன் வந்து நின்றது.

பிலோமினா மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "பாப்பாவ நான் எங்கம்மா சேக்கறது? அவளே சேந்துட்டாளே. சுண்டலும் வாங்கிட்டா" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆனா உங்கள சேத்துக்க முடியாது சார். நீங்க கேட்டோட நின்னுக்கங்க."

திங்கட்கிழமை காலையில் சங்கீதா ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு மெட்ரோ பிடித்து வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். நான் யாழினியை ஸ்கூல் கேட்டில் விட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்று அழுதேன். ஆயா பார்த்துவிட்டு, "இன்னா சார், மறுபடியும் மாட்டிக்கினீங்களா?" என்று ஓடிவந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? காலடிப்பேட்டைப் பிள்ளைகள் அந்த விளையாட்டுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். ஒருவன் டன்னலுக்குள் படுத்துக்கொள்வானாம், மற்றவர்கள் ஐலசா சொல்லிக் காலை இழுப்பார்களாம். விளையாட்டின் பேர் சர்வே. வீட்டில் இன்னும் மோசம். ரசத்தில் உப்பு கம்மி, மின்விசிறியில் சத்தம், கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பொடிசு என்று நான் எதையாவது ஆரம்பித்தால் போதும். யாழினி பேசாமல் எழுந்து போய் சாக்பீஸைக் கொண்டுவந்து, நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவாள். சங்கீதா அதைத் துடைக்கவே மாட்டாள்.

இப்போது யாழினி மூன்றாம் வகுப்பு. அவள் தம்பி கவினுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. ஸ்கூல் பார்க்கிற வேலையே இல்லை. நேராக பிலோமினா மிஸ்ஸிடம்தான் என்று சங்கீதா சொல்லிவிட்டாள். நாலு பேரும் போனோம். கேட்டருகில் போனதும் கவின் என் வலது காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதே பிடி. கம்பி வழியே பார்த்தேன். அந்த நீல டிரம் இன்னும் அங்கேயேதான் கிடந்தது. ஒரு போல்ட்டு துரு பிடித்திருந்த மாதிரி தெரிந்தது. கழுத்தை நீட்டினேன்.

யாழினி பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். கேட்டுக்கு வெளியே தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டாள். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக என் காலிலிருந்து எடுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, நீ இங்கயே நில்லு. நாங்க போய் சேத்துட்டு வரோம்."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் வட்டத்துக்குள் போய் நின்றேன். ஒரு பக்கம் கோணலாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.